மேக்ரமே பழக ஆசையா? பூக் கட்டத் தெரிந்தவரைக் கேளுங்கள்

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்தில் வெயில் ஏறுவதற்குள் பூ கமிஷன் கடைக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும். சேந்தன்குடி, பனங்குளம், செரியலூர், கொத்தமங்கலம், குளமங்கலம் என்று சுற்றிலும் பூத்தோட்டம் வைத்திருக்கும் ஊர்கள். மல்லிகை, முல்லை, காக்கரட்டான், கனகாம்பரம், சம்பங்கி என மூட்டையிலும் கூடையிலும் வருகிற பூவை எடை போட்டு, விலை பேசி, புதுக்கோட்டைக்கும் பட்டுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் அனுப்புகிறார்கள். வரும்போது அது உதிரிப்பூ. தலையில் ஏறும்போது சரம். உதிரியைச் சரமாக்குவது ஒரே ஒரு முடிச்சு.

பூக் கட்டுகிற கையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் அந்த முடிச்சு புரியும். இடது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு பூவை ஒரு பக்கம் பார்த்தும், இரண்டு பூவை எதிர்ப்பக்கம் பார்த்தும் பிடித்திருக்கும். வலது கை நாரை ஒரு சுற்று சுற்றும். அடுத்த நொடி விரலிலேயே ஒரு வளையம் திரும்பும். அது பூக்காம்பின் மேல் விழுந்து இறுகும். அத்தோடு ஒரு கண்ணி முடிந்தது. ஊசி கிடையாது, கொக்கி கிடையாது, கருவி என்று எதுவுமே கிடையாது. கட்டுகிறவர் பெரும்பாலும் பூவைக்கூடப் பார்ப்பதில்லை. பேச்சு ஒரு பக்கம் ஓடும், கண் தெருவைப் பார்க்கும், சரம் தானாக நீளும்.

இதே வளையத்தை நகரத்துப் பொழுதுபோக்கு வகுப்புகளில் 'ஹாஃப் ஹிட்ச்' என்ற பெயரில் சொல்லித் தருகிறார்கள். அடுத்தடுத்து இரண்டு போட்டால் 'டபுள் ஹாஃப் ஹிட்ச்'. மேக்ரமே என்ற கயிற்றுப் பின்னலின் சுவர்த் தொங்கல்களில் சாய்கோடுகளையும் இலை வடிவங்களையும் உண்டாக்குவது அதுதான். புதிதாகப் பழகுகிறவர்கள் கை கோணி, கயிறு தளர்ந்து, பல நாள் திணறும் இந்த முடிச்சைக் கீரமங்கலம் வட்டாரத்தில் பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளைகூட யோசிக்காமல் போடும்.

பழைய முடிச்சுக் கலைகள் உலகம் முழுக்க மறுபடியும் பொழுதுபோக்காகத் திரும்பி வந்திருக்கின்றன. செல்போன் திரையை விட்டு விரலுக்கு வேறு வேலை வேண்டும் என்று நினைப்பவர்கள் பருத்திக் கயிறு வாங்கி, வீடியோ பார்த்து, செடித்தொட்டி தொங்கவிடப் பழகுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் தமிழ்நாட்டில் இந்த ஆசை வருகிற ஒருவர் பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீடியோவில் தொடங்க வேண்டியதில்லை. தன் தெருவிலேயே தொடங்கலாம்.

கப்பலில் வந்த கலை

மேக்ரமே என்பது நூலையோ கயிற்றையோ கையாலேயே முடிச்சுப் போட்டு உருவாக்கும் பின்னல். துணியின் ஓரத்தில் தறியிலிருந்து மிஞ்சித் தொங்கும் நூல்களை அரபு நெசவாளர்கள் அழகாக முடிந்துவிட்டதில் இது தொடங்கியதாகச் சொல்வார்கள். அங்கிருந்து ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் போனது. மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகள் பொழுது போகப் படுக்கை வலை, இடுப்பு வார், மணிக்கயிறு என்று பின்னி, இறங்கிய துறைமுகங்களில் விற்றார்கள். 1882ல் இங்கிலாந்தில் சில்வியாவின் மேக்ரமே லேஸ் புத்தகம் வெளியானபோது, இந்தக் கலை மாடிவீட்டுப் பெண்களின் கைவேலையாக மாறியிருந்தது. பிறகு ஓய்ந்தது. 1970களில் மேலைநாட்டு இளைஞர்கள் மறுபடி கையில் எடுத்தார்கள். ஆந்தை உருவம், தொட்டித் தொங்கல், ஊஞ்சல் என்று வீடெல்லாம் கயிறு தொங்கியது. 80களில் திரும்பவும் பழையதாகிப் பரணுக்குப் போனது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக மூன்றாவது முறையாக இறங்கி வந்திருக்கிறது.

முடிச்சு மட்டுமே ஒரு கடல். கிளிஃபர்ட் ஆஷ்லி என்ற அமெரிக்கர் பதினோரு ஆண்டுகள் உழைத்து 1944ல் வெளியிட்ட புத்தகத்தில் 3,800க்கும் மேற்பட்ட முடிச்சுகளுக்கு எண் கொடுத்து வரைந்திருக்கிறார். மேக்ரமேக்கு அதில் நாலைந்து போதும். மேக்ரமே வடிவங்களெல்லாம் அந்த நாலைந்தின் சேர்க்கை.

உறி என்ற பழைய ஊர்க்காரர்

இன்றைக்கு மிக அதிகமாகச் செய்யப்படும் மேக்ரமே பொருள் எது என்றால் தொட்டித் தொங்கல். மேலே ஒரு வளையம். அதிலிருந்து இறங்கும் கயிறுகள். நடுவில் அவை விரிந்து தொட்டியை ஏந்தும். அடியில் ஒன்றாகக் கூடி முடியும். அறுபது வயது தாண்டிய எந்தத் தமிழரிடம் காட்டினாலும் அவர் சொல்லப்போகும் பெயர் உறி.

விட்டத்தில் தொங்கிய உறியில் மோர்ச்சட்டி இருக்கும், தயிர்ப்பானை இருக்கும், மீந்த குழம்பு இருக்கும். பூனைக்கு எட்டாது, எறும்பு ஏறுவது கடினம், காற்றும் படும். சட்டிக்குமேல் சட்டியாக இரண்டு மூன்று அடுக்கு தொங்கிய வீடுகளும் உண்டு. தேங்காய் நார்க்கயிறு, பருத்திக்கயிறு என்று அந்தந்த ஊரில் கிடைத்ததில் செய்தார்கள். அடியில் வைக்கோலையோ நாரையோ முறுக்கிச் செய்த புரிமணை, அதைச் சுற்றிக் கயிறு. எவ்வளவு பழையது என்று கேட்டால் கலித்தொகை வரை போகலாம். வழிநடை போகும் அந்தணர்கள் குடையும் முக்கோலும் பிடித்து, நீர்க்கரகத்தை உறியில் தொங்கவிட்டுக்கொண்டு வரும் காட்சி அதில் இருக்கிறது. கண்ணன் கதையில் வெண்ணெய் எட்டாத உயரத்தில் இருப்பதற்குக் காரணமும் உறிதான். தஞ்சை மாவட்டம் வரகூரில் உறியடி இன்றும் பெரிய திருவிழா.

குளிர்சாதனப் பெட்டி வந்தது, உறி இறங்கியது. காங்கிரீட் கூரையில் கொக்கி போடும் வழக்கமும் போனது. இப்போது அதே உருவம் வெள்ளைப் பருத்திக் கயிற்றில், மணி பிளாண்ட் தொட்டியோடு, வரவேற்பறைக்குள் நுழைந்திருக்கிறது. மேக்ரமே உறியிலிருந்து பிறந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பானையைக் கயிற்றால் தூக்க வேண்டும் என்றால் உலகத்தில் எந்தக் கையும் இந்த வடிவத்துக்குத்தான் வந்து சேரும். ஆனால் புதுக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் உறி முடியத் தெரிந்த பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதை, இந்தக் கலையைத் தேடுகிற இளைய தலைமுறை தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒயர் கூடையின் இரண்டாம் வரவு

உறி பாட்டி காலத்துச் சமாச்சாரம் என்றால், ஒயர் கூடை அம்மா காலத்துச் சமாச்சாரம். எழுபதுகளில் தொடங்கி தொண்ணூறுகள் வரை தமிழ்நாட்டில் ஒயர் கூடை இல்லாத வீடு அபூர்வம். ரேஷன் கடைக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்குச் சின்னதாய் ஒன்று, கல்யாணத் தாம்பூலத்துக்கு ஒன்று. விடுமுறை விட்டால் பெண்கள் திண்ணையில் கூடி உட்கார்ந்து கூடை போட்டார்கள். 'போடுவது' என்றுதான் சொல்வார்கள். கோலம் போடுவது மாதிரி.

நெசவில் இழை குறுக்கும் நெடுக்குமாக ஓடும், அவ்வளவுதான். ஒயர் கூடையில் இரண்டு ஒயர் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு முடிச்சு விழுகிறது. முடிச்சிலிருந்து நான்கு நுனிகள் நான்கு திசைக்குப் போகும். அடுத்த முடிச்சு அந்த நுனியைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பழைய கூடையில் ஓர் இடத்தில் ஒயர் அறுந்தாலும் கூடை பிரிந்து கொட்டுவதில்லை. பக்கத்து முடிச்சுகள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பத்துக் கிலோ அரிசியைச் சுமந்தும் கைப்பிடி பிய்யாமல் பல வருடம் உழைத்த கூடைகளின் ரகசியம் இதுதான்.

முடிச்சு வகைகளுக்குத் திண்ணைப் பெண்கள் வைத்த பெயர்கள் தனி அழகு. தட்டையாக விழுவது பிஸ்கட் முடிச்சு. குண்டு குண்டாகப் புடைத்து நிற்பது நெல்லிக்காய். கண் கண்ணாக விழுந்தால் சிவன் கண். மெய்நின்றநாதர் கோயில் முன்னே வானளாவ நிற்கும் சிவனையும், எதிரே நக்கீரரையும் பார்த்து வளர்ந்த கீரமங்கலத்துக்காரர்களுக்குச் சிவன் கண் கூடை என்றால் விளக்கம் தேவைப்படாது. கணக்கும் உண்டு. ஒன்றரை ரோல் கூடை, இரண்டு ரோல் கூடை, மூன்று ரோல் கூடை என்று ஒயர் செலவை வைத்தே அளவு சொல்வார்கள். அடியில் எத்தனை முடிச்சு, பக்கத்தில் எத்தனை வரிசை, எந்த வரிசையில் நிறம் மாற்றினால் எந்த இடத்தில் பூ விழும் என்பதெல்லாம் மனக்கணக்கு. காகிதத்தில் எழுதி வைத்தவர்கள் குறைவு. ஒரு கூடையைப் பார்த்து இன்னொரு கூடை, அத்தை போட்டதைப் பார்த்து மருமகள் என்றே இது பரவியது.

பிளாஸ்டிக் ஒயரில் முடிச்சுப் போடும் ஆசை நமக்கு மட்டும் வந்ததில்லை. 1950களின் இறுதியில் பிரான்சில் 'ஸ்கூபிடூ' என்ற பெயரில் குழந்தைகள் வண்ண ஒயர்களை முடிந்து சாவிக்கொத்தும் கைவளையும் செய்தார்கள்; சாஷா டிஸ்டெல் பாடிய ஒரு பாட்டின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அங்கே அது விளையாட்டோடு நின்றது. இங்கே அதே வகைப் பொருள் அரிசியும் காய்கறியும் சுமந்தது. கைவினை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்கள் ஒரு தொழிற்சாலைப் பொருளை எடுத்து, எந்தப் பயிற்சி நிலையமும் இல்லாமல், ஒரு முழுமையான முடிச்சுக் கலையை உருவாக்கியிருக்கிறார்கள். அதற்கு இன்றுவரை சரியான மரியாதை கிடைக்கவில்லை.

மெல்லிய பாலிதீன் பை இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதும் கூடை பரணுக்குப் போனது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. துணிப்பையோடு சேர்ந்து ஒயர் கூடையும் பரணிலிருந்து இறங்கியது. கல்லூரிப் பெண்கள் மடிக்கணினி கொள்ளும் அளவில் கேட்கிறார்கள். கல்யாண வீடுகளில் கையகலக் கூடைகளில் தாம்பூலம் கொடுக்கிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கூடை ஒயரும் பிளாஸ்டிக்தான். பத்து வருடம் உழைத்த பிறகு அது மண்ணில் மக்கப்போவதில்லை. ஆயிரக்கணக்கான பைகளுக்குப் பதில் ஒரு கூடை என்ற கணக்கில் அது மேலானது. மக்கக்கூடிய பொருளில்தான் செய்வேன் என்கிறவர்களுக்குத் தேங்காய் நாரும் பருத்தியும் வாழைநாரும் இருக்கின்றன. தேங்காய் நாருக்கும் வாழைநாருக்கும் கீரமங்கலம் சுற்றுவட்டாரம் பொருத்தமான இடம்.

தென்னையும் வாழையும் தரும் கயிறு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்த வட்டாரத்தின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துப் போட்டது. இருபது முப்பது வருடம் வளர்த்த மரங்களை ஒரே இரவில் இழந்த விவசாயிகள் மறுபடி கன்று வைத்தார்கள். பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஆலங்குடி என்று நீளும் இந்தப் பகுதியில் தேங்காயும் மட்டையும் வாழ்க்கையின் பாதி. மட்டையிலிருந்து நார், நாரிலிருந்து கயிறு. வாழை தன் பங்குக்குத் தார் கொடுத்துவிட்டு, மட்டையில் நாரையும் விட்டுப் போகும். பூக் கட்ட வாழைநாரைக் கிழித்து, தண்ணீரில் நனைத்து வைத்துக்கொள்வது பழைய வழக்கம். நனைந்த நார் வளையும், முடிச்சில் நழுவாது, காய்ந்ததும் இன்னும் இறுகும். நூல்கண்டு மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு நாரின் இடம் சுருங்கியிருக்கிறது.

முடிச்சு நிற்பது உராய்வினால். கயிறு தன்மேல் தானே அழுத்தும்போது உண்டாகும் பிடிப்புதான் முடிச்சின் பலம். அதனால் புதிதாகப் பழகுகிறவர் வழவழப்பான நைலானை எடுத்தால் போடுகிற முடிச்செல்லாம் அவிழும்; மனசு விட்டுப்போகும். பருத்திக் கயிறு பிடித்துக்கொள்ளும், தப்பாகப் போட்டால் அவிழ்க்கவும் விடும். தேங்காய் நார்க்கயிறு பிடிப்பில் ராஜா, ஆனால் விரலைக் கிழிக்கும். இரண்டாவது மூன்றாவது வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள, முறுக்கிய பருத்திக் கயிறு தொடக்கத்துக்குச் சரி.

ஒரு தொட்டி உறி செய்யும் முறை இது. நான்கு மீட்டர் நீளத்தில் ஆறு கயிறும், கடைசிக் கட்டுக்கு ஒரு மீட்டரில் ஒரு துண்டும் வெட்டிக்கொள்ள வேண்டும். ஓர் இரும்பு வளையத்தை ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கயிற்றையும் நடுவில் மடித்து, மடிப்பை வளையத்துக்குப் பின்னால் விட்டு, இரண்டு நுனியையும் அந்த மடிப்புக்குள் நுழைத்து இழுத்தால் கயிறு வளையத்தைக் கவ்விக்கொள்ளும். இப்போது பன்னிரண்டு இழை தொங்கும். நான்கு நான்காக மூன்று கூறு பிரிக்க வேண்டும்.

ஒவ்வொரு கூறிலும் நடு இரண்டு இழை சும்மா நிற்கும். ஓர இரண்டும் வேலை செய்யும். இடது ஓர இழையை நடு இரண்டின் மேல் குறுக்காகப் போட வேண்டும். வலது ஓர இழை அதன் நுனிக்கு மேலே வந்து, நடு இரண்டின் அடியில் புகுந்து, இடப்பக்கம் உண்டான வளைவு வழியாக வெளியே வர வேண்டும். இழுத்தால் பாதி முடிச்சு. மறுபாதியை வலது பக்கத்திலிருந்து அதே மாதிரி தொடங்கினால் முழு முடிச்சு. வகுப்புகளில் இதற்குப் பெயர் 'ஸ்கொயர் நாட்'. மறுபாதியை மாற்றாமல் இடது பக்கத்திலிருந்தே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு போனால் பின்னல் தானாகவே திருகிக்கொண்டு சுருளாக இறங்கும். ஒரே திசையில் விழும் இழுப்பு அதைத் திருப்புகிறது. பழகுகிறவர்கள் முதலில் சந்தோஷப்படும் இடம் அநேகமாக இதுதான்.

மூன்று கூறும் போதுமான நீளம் வந்ததும் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். பிறகு ஒரு கூறின் இரண்டு இழையையும் பக்கத்துக் கூறின் இரண்டு இழையையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். சுற்றிலும் இப்படி மூன்று முடிச்சு. அதற்கும் கீழே அரைச் சாண் விட்டு, மறுபடி பிரித்துச் சேர்த்து மூன்று முடிச்சு. இப்போது வலை உருவாகிவிடும். கடைசியில் பன்னிரண்டு இழையையும் கூட்டி, தனித் துண்டால் இறுகச் சுற்றிக் கட்டி, மிச்சத்தைக் குஞ்சமாக விட்டுவிடலாம். வேலை செய்யும் ஓர இழைகள் சீக்கிரம் தீரும், நடு இழைகள் மிச்சமாகும். ஆகவே பாதி வேலையில் நடுவில் உள்ளதை வெளியேயும் வெளியே உள்ளதை நடுவிலும் மாற்றிக்கொண்டால் சமமாகும். தொட்டி வைப்பதற்கு முன் ஒரு குடத்தில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டுப் பார்ப்பது நல்லது. ஈர மண்ணின் கனத்தைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

பூக் கட்டத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இந்த வேலை ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். கயிற்றை எவ்வளவு இழுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை வீடியோ காட்டாது. பூக்காம்பு முறியாமலும் சரம் தளராமலும் கட்டிப் பழகிய விரலுக்கு அந்த அளவு தெரியும்.

கை பழகிய மாவட்டம்

வயது வந்தவர்கள் புதிதாக ஒன்றைக் கூட்டமாகக் கற்றுக்கொள்வது புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் பழக்கமான விஷயம். 1991ல் இங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதி அது நாடெங்கும் தெரிந்தது. கல் உடைப்பவரும் வயலில் நிற்பவரும் செவிலியரும் ஒரே மைதானத்தில் சைக்கிள் பழகினார்கள். கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார். பெண்களின் நடமாட்டத்தை மாற்றிய அந்தச் சைக்கிளின் ஹேண்டில்பாரில் ஒயர் கூடை தொங்கியதையும் அந்தக் காலத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

முடிச்சுக்கும் அந்த முறையே பொருந்தும். இதைத் தனியாக உட்கார்ந்து கற்பதைவிட நாலு பேர் சேர்ந்து கற்பது எளிது. கைவேலையும் மனநலமும் பற்றி ஆய்வுகள் உண்டு; 2013ல் வெளியான ஓர் ஆய்வில் உலகெங்கும் 3,545 பின்னல்காரர்களிடம் கேட்டபோது, அடிக்கடி பின்னுகிறவர்கள் மன அமைதி அதிகமாக இருப்பதாகச் சொன்னார்கள், கூட்டமாகப் பின்னுவதற்குத் தனி மதிப்பும் கொடுத்தார்கள். அது ஊசிப் பின்னல் பற்றியது, முடிச்சு பற்றியதல்ல. ஆனால் திண்ணையில் கூடை போட்ட பெண்களுக்கு அந்த முடிவில் புதுச் செய்தி எதுவும் இருந்திருக்காது. கண் தெரியாதவர்களுக்கும் இந்த வேலை வசப்படும். நாற்காலிக்கு ஒயர் பின்னும் தொழிலில் பார்வைக் குறைபாடுள்ள பலர் தமிழ்நாட்டில் பல காலமாக இருந்து வருகிறார்கள். அவர்களின் விரல்நுனியே வரிசையை எண்ணிவிடும்.

மாவட்டத்துக்குள் இன்னும் எத்தனை முடிச்சுகள் இருக்கின்றன என்று தேடிப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு ஆகலாம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையில் வலை பழுது பார்க்கும் மீனவரிடம் வலைமுடிச்சு இருக்கிறது. மாடு வளர்ப்பவரிடம் தும்பும் தலைக்கயிறும் மூக்கணாங்கயிறும் இருக்கின்றன. ஜல்லிக்கட்டுக்குப் பேர்போன மாவட்டத்தில் காளைக்குக் கயிறு போடுவது சின்ன வித்தை கிடையாது; இழுத்தால் இறுக வேண்டும், வாடிவாசலில் ஒரே வெட்டில் விடுபட வேண்டும். பந்தல் போடுகிறவர் மூங்கிலில் போடும் கட்டு வேறு. தொட்டில் கட்டுகிற பாட்டியின் முடிச்சு வேறு. இவர்களில் யாரும் தங்களைக் கைவினைஞர் என்று சொல்லிக்கொள்வதில்லை.

கூலியும் மதிப்பும்

பூ வட்டாரத்தின் இன்னொரு முகத்தையும் பேச வேண்டும். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும் பூ, வரத்து கூடி விசேஷமும் இல்லாத நாளில் பறிகூலிக்கும் தேறாது. வாங்க ஆளில்லாமல் பூவைக் கொட்டிவிட்டுப் போன நாள்களும் கீரமங்கலத்துக்கு உண்டு. சென்ட் தொழிற்சாலை வேண்டும் என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். பூக் கட்டும் பெண்களுக்கு வருமானம் அந்தந்த நாளின் வரத்தைப் பொறுத்தது. இவ்வளவு தேர்ந்த கைக்கு ஆண்டு முழுக்க வேலை இல்லை.

முடிச்சுக் கலை அந்த இடைவெளியை முழுவதும் நிரப்பிவிடும் என்று சொல்வது மிகை. கையால் செய்த உறியையும் கூடையையும் விற்றுக் குடும்பம் நடத்துவது கடினம். நேரக்கூலி கணக்குப் போட்டால் பெரும்பாலும் நஷ்டம்தான். ஆனால் கற்றுக்கொடுப்பதற்குச் சம்பளம் உண்டு. அதைத்தான் நாம் இதுவரை யோசிக்கவில்லை. நகரங்களில் அரைநாள் மேக்ரமே வகுப்புக்குக் கட்டணம் கட்டி உட்காரத் தயாராக இருப்பவர்கள் இருக்கிறார்கள். பூக் கட்டுவதில் முப்பது வருடம் தேர்ந்த பெண் ஆசிரியராக இருக்கும் வகுப்பு எங்கே இருக்கிறது?

பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. செட்டிநாட்டில் சீர்வரிசைக்குப் பனையோலையில் முடைந்த கொட்டான், ஒரு கட்டத்தில் அநேகமாக வழக்கொழிந்துவிட்டது. விசாலாட்சி ராமசாமியின் முயற்சியில் எம்.ஆர்எம். ஆர்எம். கலாச்சார அறக்கட்டளை, முடையத் தெரிந்த முதியவர்களைத் தேடிப் பிடித்து, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டது. 2013ல் செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குமரி மாவட்டத்துத் தோவாளை மாணிக்க மாலைக்கும் 2025ல் அந்தக் குறியீடு வந்துவிட்டது. பூவை மடித்துக் கட்டும் கைத்திறனுக்குக் கிடைத்த மரியாதை அது. தென்கொரியா இன்னும் முன்பே, 1968லேயே, முடிச்சுக் கலையை நாடு காக்க வேண்டிய அருவப் பண்பாட்டுச் சொத்துகளின் பட்டியலில் சேர்த்து, அதைக் கற்றுத் தருபவர்களை அங்கீகரித்தது. குஞ்சமும் முடிச்சும் நாட்டின் சொத்து என்று ஓர் அரசு சொல்ல முடியும் என்றால், ஒயர் கூடையின் முடிச்சுகளைப் படம் பிடித்து, பெயரோடு பதிவு செய்து வைக்கத் தமிழ்நாட்டாலும் முடியும். நெல்லிக்காய் முடிச்சுக்கும் சிவன் கண்ணுக்கும் முறையான பதிவு இல்லாமலேயே ஒரு தலைமுறை வயதாகிக்கொண்டிருக்கிறது.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஊர்தோறும் இருக்கின்றன. அவர்களின் பொருள்களை விற்க மாவட்டத் தலைநகரங்களில் பூமாலை வணிக வளாகங்கள் இருக்கின்றன. பேரூராட்சியில் ஒரு கூடம், வாரத்துக்கு ஒரு மாலை, பத்துப் பேர், கொஞ்சம் கயிறு, சொல்லித்தர ஊரிலேயே ஆள். தொடங்குவதற்கு இதற்குமேல் எதுவும் தேவையில்லை. ஆண்களும் வரலாம், கோயில் வாசல்களில் மாலை கட்டுவதும் கடலில் வலை முடிவதும் ஆண்கள் செய்யும் வேலைதானே.

இந்த வாரம் கயிறு வாங்கப் போகிறவர்கள் அதற்கு முன் வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: நம் குடும்பத்தில் யாருக்குக் கூடை போடத் தெரியும், யாருக்கு உறி முடியத் தெரியும்? சித்தியோ பெரியம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ யாராவது ஒருவர் இருப்பார். அவர் கை வேலை செய்வதைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள், முடிச்சின் பெயரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். வெளியாள் ஒருவரிடம் கற்றுக்கொண்டால் அவருக்கு உரிய கட்டணத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள்.